வெடிக் குழாயில் சுருட்டிய கடிதங்கள்

ஆமத்தூர் பக்கம்,
15 ஜூலை 2024

யோகேசு,

நீ அனுப்பிய உலகப் படம் வந்து சேர்ந்தது. ஓரத்தில் கொஞ்சம் கிழிந்திருந்தது, ஒட்டி மாட்டிவிட்டேன். உன் மூன்றாம் வகுப்பும் என் மூன்றாம் வகுப்பும் கடிதம் போட்டுக்கொள்ளட்டும், இந்த ஊரை அதுகளும் அந்த ஊரை இதுகளும் தெரிந்துகொள்ளட்டும் என்று நீ போனில் சொன்னபோது ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன். இப்போது நிஜமாகவே ஆரம்பித்துவிட்டோம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த மலையில் பாதி நாள் டவர் இருக்காது என்றாயே, அதுவும் ஒரு வகையில் நல்லதுதான். ஆசிரியர் பயிற்சியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உனக்குக் கடிதம் எழுதுவேன் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

படத்தை மாட்டிவிட்டு, "உங்களுக்குத் தெரிஞ்ச ஊரைச் சொல்லுங்க" என்றேன். விருதுநகர், மதுரை என்று வரும் என எதிர்பார்த்தேன். பாட்னா என்கிறது ஒன்று. இந்தூர் என்கிறது இன்னொன்று. கட்டாக், கான்பூர்! எனக்குத் தலை சுற்றிவிட்டது. இதுகள் எல்லாம் ஆமத்தூர் சந்தையைத் தாண்டாத பிள்ளைகள். அப்புறம்தான் விளங்கியது. எல்லாமே இங்கிருந்து பட்டாசு லோடு போகிற ஊர். வீட்டில் பெரியவர்கள் "பாட்னா லோடு இன்னும் ஏறல" என்று பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள். அந்த ஊரில் யார் இருப்பார்கள் என்று கேட்டேன். "வெடி போடுறவுக" என்று எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

முதல் பெஞ்சில் எழில் என்று ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். வாய் அம்புட்டு. அவள் கேட்டாள், "உங்க கூட்டாளி ஊருக்கு லோடு போகுமா டீச்சர்?" போகாது என்றேன். "அப்ப அங்கன ஆளு இருக்காகளா?"

எப்படி ஆரம்பிப்பது என்று நீதான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் தமிழில் எழுதும், நீ இந்தியில் சொல்லிவிடு. இன்னொன்று. எழிலின் அம்மா வள்ளித்தாய் உன் அண்ணன் ராஜபாண்டியன் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். முதலாளியின் தங்கைதான் என் கூட்டாளி என்று அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லலாமா, வேண்டாமா?

மாரிசெல்வி


தவாங் மாவட்டம், அருணாசலப் பிரதேசம்,
2 ஆகஸ்ட் 2024

மாரி,

முதலில் உன் கடைசிக் கேள்விக்குப் பதில். சொல்லாதே. இந்த வேலைக்கு நான் கிளம்பிய அன்று என் அண்ணன் வாசலில் நின்று சொன்னது உனக்குத் தெரியும். "வடக்க போறவ வடக்கயே இருந்துக்கோ." மூன்று வருடமாக அங்கேயும் போன் இல்லை, இங்கேயும் போன் இல்லை. அவனுக்கு இருக்கிற வீம்பில் எனக்கும் பாதி இருக்கிறது. ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே.

எழிலிடம் சொல், இங்கே ஆள் இருக்கிறார்கள். என் வகுப்பில் பாதி இந்த மலைக்காரர்களின் பிள்ளைகள், மீதி ராணுவக்காரர்களின் பிள்ளைகள். பேமா என்று எனக்கும் ஒரு வாயாடி வாய்த்திருக்கிறாள். என் சொந்த ஊரில் வருடம் முழுக்கப் பட்டாசு செய்வார்கள் என்று சொன்னேன். "அப்படியானால் அவர்களுக்கு வருடம் முழுக்கப் பண்டிகையா, மேடம்?" என்று கேட்டாள். இல்லை, அது வேலை என்றேன். "பண்டிகையை வேலையாகச் செய்வார்களா?" என்றாள். மணி அடித்தது நல்லதாகப் போயிற்று என்று நான் வெளியே வந்துவிட்டேன். அதுவும் பட்டாசுக் கம்பெனி வீட்டில் பிறந்தவள்.

இத்துடன் கொஞ்சம் துணிக் கொடிகள் வைத்திருக்கிறேன். ஐந்து நிறம். அதில் வேண்டுதல் அச்சடித்திருக்கும். காற்று அடிக்க அடிக்க வேண்டுதல் எல்லா ஊருக்கும் போகும் என்று இவர்கள் நம்புகிறார்கள். வகுப்பில் குறுக்கே கட்டச் சொல். பதிலுக்கு உங்கள் ஊர் வாசனை அடிக்கிற மாதிரி ஏதாவது அனுப்பு. வெறும் தாளில் எழுதி அனுப்பினால் இதுகள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு விளையாடப் போய்விடும். பார்த்தால் வாய் பிளக்க வேண்டும்.

யோகேஸ்வரி


ஆமத்தூர் பக்கம்,
21 ஆகஸ்ட் 2024

யோகேசு,

உன் கொடிகளால் இங்கே ஒரே கூத்து. கட்டிய அன்று சாயங்காலம் என் வகுப்பு மணிமுத்துவின் அப்பா முத்துக்கருப்பன் வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "டீச்சர், இது எந்தக் கட்சி? பள்ளிக்கூடத்துல கொடி கட்டலாமா?" என்றார். கட்சி இல்லை, சாமிக் கொடி என்றேன். அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. "எந்தச் சாமி? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மலை, காற்று, வேண்டுதல் எல்லாம் சொன்னேன். எழுந்து போய்க் கொடியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "பழசானா இதைக் குப்பையில போடலாமா, ஆத்துல விடணுமா?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டுவிட்டேன், சொல்.

இனி என் பார்சலுக்கு வருகிறேன். வாய் பிளக்க வேண்டும் என்றாயே, பிளக்காவிட்டால் என்னைக் கேள். யோசனை எழிலுடையது. "டீச்சர், நம்ம லட்டரை வெடி மாதிரி சுத்தி அனுப்புவமா?" என்றாள். எங்கள் ஊரில் சந்தோசம் என்றால் அதுதானே வடிவம்! வள்ளித்தாயிடம் காலிக் குழாய் கேட்டேன். கம்பெனியில் கழித்துப் போட்ட குழாய்களைச் சாப்பாட்டு வாளியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். உள்ளே போகும்போதுதான் தீப்பெட்டி இருக்கிறதா, போன் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்களாம். வெளியே வரும்போது யார் பார்க்கிறார்கள்?

ஒவ்வொரு பிள்ளையும் கடிதம் எழுதி, சுருட்டி, குழாய்க்குள் விட்டு, இரண்டு பக்கமும் அடைத்து, சிவப்புத் தாள் ஒட்டியது. பச்சை நூலில் திரி. எல்லா வெடிக்கும் கம்பெனி லேபிள் இருக்குமல்லவா, அந்த இடத்தில் அவரவர் முகத்தை வரைந்து 'எழில் வெடி', 'மணிமுத்து வெடி' என்று பேர் வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அசல் எது நகல் எது என்று உன் அண்ணனே திணறிப்போவார். ஒரு பழைய காலண்டர் அட்டைப்பெட்டியில் வரிசையாக அடுக்கினேன். தபால் ஆபீசில் உள்ளே என்ன என்று கேட்டார்கள். பிள்ளைகள் எழுதின லட்டர் என்றேன். நிஜம்தானே.

பிரிக்கும்போது அதுகளின் முகத்தைப் பார்த்து அப்படியே எழுது. எதையும் விடாதே.

மாரி


தவாங் மாவட்டம்,
10 செப்டம்பர் 2024

மாரிசெல்வி,

உன் பார்சல் வரவில்லை. போலீஸ் வந்தது.

வழியில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் உன் பெட்டியை எக்ஸ்ரே கருவியில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே வரிசையாக அடுக்கிய குழாய்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நூல். அனுப்புகிற முகவரி சிவகாசிப் பக்கம். போகிற முகவரி எல்லையில், ராணுவக் குடியிருப்பை ஒட்டிய பள்ளிக்கூடம். நீயே அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன நினைப்பாய்? எல்லாரையும் வெளியேற்றிவிட்டுப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். திறந்தால் கடிதம். அதோடு விட்டார்களா? குழாயைத் துடைத்துப் பார்த்ததில் வெடிமருந்துத் தூள் ஒட்டியிருப்பதாகக் காட்டியிருக்கிறது. காலிக் குழாய் என்றாயே, மாரி? எந்தக் காலி?

என்னைத் தலைமையாசிரியர் அறையில் உட்கார வைத்து ஒரு பகல் முழுக்கக் கேட்டார்கள். அந்தப் பெட்டியின் கறுப்பு வெள்ளைப் படத்தை என் முன்னால் வைத்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துவிட்டேன். "ஐயோ, லட்சுமி வெடி!" என்று தமிழில் சொல்லிச் சிரித்தேன். எதிரே இருந்தவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு என் போனையும் வாங்கிக்கொண்டார்கள். உன் பேர், என் அப்பா பேர், அண்ணன் பேர், கம்பெனி பேர் எல்லாம் எழுதிக்கொண்டார்கள். என் அண்ணன் பேரை இங்கே நான் யாரிடமும் சொன்னதே இல்லை.

இங்கே வெடிச் சத்தம் என்றால் பாதைக்காக மலையைத் தகர்க்கிறார்கள் என்று அர்த்தம், இல்லாவிட்டால் பீரங்கிப் பயிற்சி. சத்தம் கேட்டால் பெஞ்சுக்கு அடியில் போகச் சொல்லிப் பழக்கி வைத்திருக்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு வெடியை அனுப்புகிறாய். நீ கொஞ்சமாவது யோசித்தாயா?

இப்போதைக்கு எதையும் அனுப்பாதே. கடிதமும் வேண்டாம்.

யோகேஸ்வரி


ஆமத்தூர் பக்கம்,
20 செப்டம்பர் 2024

யோகேஸ்வரி,

வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட உனக்கு மனசு வராது.

யோசித்தாயா என்று கேட்கிறாய். ஊர் வாசனை அடிக்க வேண்டும், வாய் பிளக்க வேண்டும் என்று எழுதியது யார்? பெஞ்சுக்கு அடியில் போகிற கதையை அப்போது ஏன் எழுதவில்லை? வெடி என்றால் உனக்கும் சிரிப்புத்தானே முதலில் வந்தது! நான் சிவகாசிக்காரி என்றால் நீயும் சிவகாசிக்காரிதான். உனக்குத் தோன்றாதது எனக்கு எங்கிருந்து தோன்றும்?

போலீஸ் இங்கேயும் வந்தது. வகுப்பு நடக்கும்போதே வாசலில் வண்டி நின்றது. பிள்ளைகள் முன்னாலேயே கேட்டார்கள். குழாய் எங்கிருந்து வந்தது என்றார்கள். நான்தான் கேட்டேன், நான்தான் வாங்கினேன் என்று நூறு தடவை சொன்னேன். "யார் கொடுத்தா?" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எழில் எழுந்து நின்று, "எங்க அம்மா" என்றாள். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நான்தானே பழக்கியிருக்கிறேன்.

அங்கிருந்து நேரே உன் அண்ணன் கம்பெனிக்குப் போனார்கள். கேட்டைத் தாண்டிக் குழாய் வெளியே போனது குற்றம் என்று வள்ளித்தாயை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். சீசன் நேரம், யோகேசு. தீபாவளி போனஸ் வாங்கப் போகிற நேரம். அந்தப் போனஸை நம்பித்தான் அவள் வருடம் முழுக்க ஓட்டுவாள். என்னிடம் வந்து சண்டை போட்டாலாவது நிம்மதியாக இருக்கும். "நீங்க கேட்டீகன்னுதான் எடுத்தாந்தேன் டீச்சர். மருந்து அடைக்காத குழாதான், எப்பிடி ஒட்டுச்சுன்னு எனக்கு வெளங்கல" என்று சொல்லிவிட்டு நிற்கிறாள். எனக்கும் விளங்கவில்லை. அந்தக் கம்பெனிக் காற்றிலேயே அது இருக்கிறதோ என்னவோ.

நீ உன் அண்ணனிடம் பேசு. நான் கேட்பது அது ஒன்றுதான். ஒரு போன். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்.

மாரிசெல்வி


தவாங் மாவட்டம்,
3 அக்டோபர் 2024

மாரி,

கிழிக்கவில்லை. நீ சொன்னது சரி, அந்தப் பெஞ்சு விஷயத்தை நான் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று எனக்கே தெரியவில்லை. இங்கே எனக்கு அது தினசரி ஆகிவிட்டது. உனக்கு வெடி மாதிரி.

போன் செய்யப் போனேன். ராணுவக் கேன்டீனில் ஒரு தரைவழி போன் இருக்கிறது. எண்ணைப் பாதி அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். மறுநாளும் போனேன், வரிசையில் நின்றேன், என் முறை வந்ததும் பின்னால் நின்றவருக்கு விட்டுக்கொடுத்தேன். நீ கேட்பது என்னவென்று உனக்குப் புரிகிறதா? மூன்று வருடம் கழித்துப் பேசுகிற தங்கை, 'அண்ணா, நல்லா இருக்கியா' என்று கேட்காமல், 'உன் கம்பெனிக்குப் போலீசை அனுப்பியது நான்தான், இப்போது எனக்கு ஒரு உதவி செய்' என்று எந்த வாயால் சொல்வது? அவன் முடியாது என்று சொல்லிவிட்டால் அப்புறம் எனக்கு அங்கே ஒன்றுமே மிச்சம் இல்லை.

பிள்ளைகள் வேறு. போலீஸ் வந்ததை எல்லாரும் பார்த்துவிட்டார்கள். பேமா கேட்டாள், "அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு நம் மேல் என்ன கோபம்?" கோபம் இல்லை, அன்பு என்றேன். "அன்பு என்றால் ஏன் குண்டு மாதிரி செய்தார்கள்?" இந்தியில் எவ்வளவு சொல்லியும் எனக்கே கேட்க நன்றாக இல்லை. வேறு ஊரைத் தெரிந்துகொள்ளட்டும் என்று ஆரம்பித்தோம். இப்போது இதுகளுக்குத் தெரிந்தது, தெற்கே குண்டு செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதுதான். ஆரம்பிக்காமலேயே இருந்திருக்கலாமோ?

யோகேஸ்வரி


ஆமத்தூர் பக்கம்,
14 அக்டோபர் 2024

யோகேசு,

உன்னைத் திட்டத்தான் தாளை எடுத்தேன். எழுத வரவில்லை.

நானே உன் அண்ணன் கம்பெனிக்குப் போனேன். கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அரை நாள் லீவு போட்டுப் போனவள், சும்மா திரும்பக் கூடாது என்று வேப்ப மரத்தடியில் நின்றேன். கடைசியில் அவரே வெளியே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "டீச்சர், நீங்க படிச்சவுக. உங்க பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணுமோ எங்கிட்ட கேட்டிருந்தா நானே செஞ்சு கொடுத்திருப்பேன். திருட்டுத்தனமா எதுக்கு?" என்றார். திருட்டு! அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் வாளிக்குள் வைத்துத்தானே வந்தது?

வள்ளித்தாய் பக்கத்துக் கம்பெனிகளில் கேட்டுப் பார்த்துவிட்டாள். போலீஸ் வந்த ஆள் என்று யாரும் சேர்க்கவில்லை. மல்லாங்கிணறில் அவள் அண்ணன் இருக்கிறாராம். தீபாவளி கழிந்ததும் அங்கே களையெடுக்கிற காட்டு வேலைக்குப் போகப்போகிறாள், எழிலையும் கூட்டிக்கொண்டு. டி.சி. கேட்டு வந்தாள். தலைமையாசிரியர் வெளியூர் போயிருக்கிறார் என்று பொய் சொல்லி அனுப்பினேன். அவர் பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எழில் வருகிறாள், ஆனால் பேசுவதில்லை. என்ன கேட்டாலும் தெரியாது என்கிறாள். தன் பெயரைக் கேட்டால்கூட யோசித்துவிட்டுத்தான் சொல்கிறாள். உண்மையைச் சொன்னதற்கு அம்மா வேலை போனது என்றால், அந்தப் பிள்ளைக்கு நான் இனிமேல் எதைச் சொல்லிக்கொடுப்பது? உலகப் படத்தைச் சுருட்டி மேலே வைத்துவிட்டேன். கொடி மட்டும் தொங்குகிறது. அதை எப்படிக் கழற்றுவது என்று நீ இன்னும் எழுதவில்லை.

உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். உன் வீட்டுக் கஷ்டம் உனக்கு. ஆனால் தீபாவளி வரைக்கும்தான் என்னால் பொய் சொல்ல முடியும்.

மாரி


தவாங் மாவட்டம்,
4 நவம்பர் 2024

மாரி,

பேசிவிட்டேன். தீபாவளிக்கு மறுநாள். அன்றைக்குத்தான் அண்ணன் வீட்டில் சும்மா இருப்பான்.

'நான்தான்' என்றேன்.   "அங்கன குளுருதா?" என்று கேட்டான். அவ்வளவுதான், எனக்கு அழுகை வந்துவிட்டது. கேன்டீனில் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள்.

அழுது முடித்துவிட்டு வள்ளித்தாயைப் பற்றிச் சொன்னேன். அவன் குரல் மாறிவிட்டது. "ஓ, அதுக்குத்தான் பண்ணுனியா?" என்றான். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆமாம் என்றேன். "கம்பெனியில இருந்து ஒரு குழா வெளிய போச்சுன்னு போலீசுல எழுதி வச்சிருக்காக. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா லைசென்ஸ் போயிரும். எத்தனை குடும்பம் இருக்குன்னு உனக்குத் தெரியுமா? மலை மேல உக்காந்துக்கிட்டு ஈசியாச் சொல்லிட்ட" என்று கத்தினான். கத்தட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் சொல்வதும் தப்பென்று தோன்றவில்லை, மாரி. அதுதான் எனக்குக் குழப்பம். உன் கடிதத்தைப் படித்தால் நீ சொல்வது சரி. அவன் பேசினால் அவன் சொல்வது சரி. பேமா கேட்டால் அவள் கேட்பதும் சரி.

கடைசியில் இறங்கிவந்தான். திரும்பச் சேர்த்துக்கொள்கிறான். ஆனால் மருந்துப் பக்கமோ குழாய்ப் பக்கமோ விடமாட்டானாம், பெட்டி ஒட்டுகிற இடத்தில்தான் இருக்க வேண்டுமாம். போனஸும் கிடையாது. அப்புறம், "பொங்கலுக்கு நீ வரணும்" என்றான். கேட்டானா, நிபந்தனை போட்டானா, புரியவில்லை. சரி என்றேன். போனை வைத்த பிறகு நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. 

குழாய்களையும் கடிதங்களையும் திருப்பித் தரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். என் பிள்ளைகளில் பலரை இனி எழுத வேண்டாம் என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள். ஒரு சிலர் எழுதுகிறோம் என்கிறார்கள், அதில் பேமாவும் ஒருத்தி. பிள்ளைகள் பேருக்கு மூடிய உறை, பெட்டி, பார்சல் எதுவும் கூடாது, அஞ்சலட்டை மட்டும் என்று தலைமையாசிரியர் உத்தரவு. உனக்கு இன்னும் மனசிருந்தால் அனுப்பு. இல்லையென்றால் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

கொடியைக் கழற்ற வேண்டாம். வெளுத்து, கிழிந்து, தானே போகும் வரை அப்படியே விட வேண்டுமாம். பேமாவின் அம்மாவிடம் கேட்டேன்.

யோகேசு


ஆமத்தூர் பக்கம்,
6 டிசம்பர் 2024

யோகேசு,

தீபாவளிக்கு மூடிய கம்பெனியைப் பூஜை போட்டுத் திறந்த அன்றே வள்ளித்தாயைக் கூப்பிட்டுவிட்டார்கள். டி.சி. வேண்டாம் என்று சொல்ல அவளே வந்தாள். "யாரு டீச்சர் எனக்காகப் பேசுனது?" என்று கேட்டாள். உன் பேரைச் சொல்லவா, வேண்டாமா என்று வாய் வரைக்கும் வந்து நின்றது. ஒரு கூட்டாளி என்றேன். அவள் விடவில்லை. "பெரிய எடத்துக் கூட்டாளியோ?" என்றாள். குளிருகிற இடத்துக் கூட்டாளி என்று சொல்லி மழுப்பினேன். பெட்டி ஒட்டுகிற இடத்தில் சம்பளம் குறைவு, பழகின ஆட்களும் இல்லை. "சந்தோசப்படணுமா என்னன்னு தெரியல டீச்சர். வேனுல ஏறும்போது எல்லாரும் இன்னும் ஒரு மாதிரிதான் பாக்காக" என்றாள். நீயும் இதையேதான் எழுதியிருந்தாய். 

உலகப் படத்தை மறுபடி எடுத்து மாட்டினேன். நாம் அனுப்பிய வெடியைக் கண்டு அந்த ஊர்க்காரர்கள் பயந்துபோனார்கள், அதனால்தான் போலீஸ் வந்தது என்று முதல் தடவையாகப் பிள்ளைகளிடம் விளக்கமாகச் சொன்னேன். மணிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். "லட்சுமி வெடிக்கா டீச்சர்? அது கைக்கொழந்தைகூடப் பயப்படாதே!" எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தன. சரி, நீங்க எதுக்குமே பயப்பட மாட்டீகளா என்று கேட்டேன். பாம்பு என்றது ஒன்று, பேய் என்றது ஒன்று, கணக்குப் பரீட்சை என்றது ஒன்று. எழில் சிரிக்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆளுக்கு ஒரு அஞ்சலட்டை கொடுத்தேன். என்ன எழுதலாம் என்று நான் சொல்லவில்லை. போன தடவை வாய் பிளக்க வைக்கப் போய்த்தான் இந்தப் பாடு. ஊரைப் பற்றி, பனையைப் பற்றி, பொங்கலைப் பற்றி என்று என்னென்னவோ எழுதியிருக்கிறார்கள். தனித்தனியாகத் தபாலில் போட்டுவிட்டேன், வந்து சேரும். எழிலின் அட்டையை மட்டும் இங்கே பார்த்து எழுதுகிறேன். அவள் மாசக்கணக்கில் வாயைத் திறக்காதவள். இதை எழுதிக் கொடுத்துவிட்டு என் முகத்தையும் பார்க்காமல் ஓடிவிட்டாள்.

"அன்புள்ள பேமாவுக்கு எழில் எழுதுவது. உங்களுக்கு எதை எதைப் பார்த்தால் பயம் என்று எழுதவும். அதை எல்லாம் நாங்கள் அனுப்ப மாட்டோம். எனக்குப் போலீஸ் வண்டி பயம். அப்புறம் எங்கள் ஊரில் எங்கேயாவது டமார் என்று கேட்டால் கம்பெனி வேனில் அம்மா வருகிற வரைக்கும் பயம். டீச்சரிடம் இதைச் சொல்லவில்லை."

நான் அதில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. இத்தனை மாசமாக முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை, யோகேசு. கண்டிராத ஒருத்திக்குத்தான் சொல்லியிருக்கிறாள்.

மாரி